பாதித் தாடி காணவில்லை

டூயி ஹார்ஸ்லியின் தாடி வலது பக்கம் மட்டும் திருடு போயிருந்தது.

இடது பக்கம் பத்திரமாக இருந்தது. காதோரத்தில் புறப்பட்டு, தாடையில் அடர்ந்து, சட்டையின் மேல் பொத்தானை மறைத்துக்கொண்டு செழிப்பாகத் தொங்கியது. மூக்குக்கு நேர்கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் உரித்த முட்டை.

வாசலில் நின்ற ரூஃபஸ் டாலிவர் முதலில் இடப் பக்கத்தைப் பார்த்தான். பிறகு நகர்ந்து வந்து வலப் பக்கத்தையும் பார்த்தான்.

"பாஸ், ஒரு ஆளோட கேஸ்னுதானே சொன்னீங்க? இங்க ரெண்டு பேர் உக்காந்திருக்காங்களே."

"வாயை மூடிக்கிட்டு உள்ள வா" என்றார் ஹேசல் பிராண்ட்.

ரூஃபஸ் தன் தாடியைக் கையால் பொத்திக்கொண்டே உள்ளே வந்தான். அதுவும் லேசுப்பட்ட தாடி அல்ல. பள்ளிப் பேருந்து ஓட்டிய நாளிலிருந்து வளர்த்தது. பிள்ளைகள் அதில் பென்சில் செருகி வைப்பார்கள். க்ளோவர் பெண்ட் ஊரில் பெரும்பாலான ஆண்கள் கோதுமை அறுவடைத் தூசிக்குப் பயந்து வழவழவென்று மழித்துவிடுவார்கள். தாடி என்று சொல்லத்தக்கது ஊருக்கே மூன்றுதான்: டூயியுடையது, ரூஃபஸுடையது, பார்பர் வெர்ஜில் ஸ்டாம்பருடையது. இப்போது இரண்டரை.

ஹேசல் துப்பறிய வருவதற்கு முன்னால் சலூன்களைச் சோதனை போடும் அரசாங்க இன்ஸ்பெக்டராக இருந்தவர். சீப்பு ஊறுகிற நீலக் கிருமிநாசினித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அந்தக் கடைக்காரரின் வீட்டுச் சண்டை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். முக்கால்வாசி சரியாக இருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து, வீட்டில் வறுத்த கோழியை ஒரு கை பார்த்துவிட்டு, டூயி கூடத்துச் சாய்வு நாற்காலியில் தூங்கிப்போனார். அவர் மனைவி ட்வைலா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். க்ளோவர் பெண்ட்டில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. நாய் கன்னத்தை நக்கியபோது டூயி விழித்தார். நாயின் நாக்கு நேரடியாகத் தோலில் படுவது அவருக்குப் புது அனுபவமாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தார். தாடி இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது.

தாடியை இழந்தவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுதுகொண்டிருந்தது ஜன்னலோரத்தில் நின்ற நடீன் கோபல்தான். ஊரில் இருக்கிற ஒரே பியூட்டி பார்லர் அவளுடையது. ஹேசலைக் கூப்பிட்டதும் அவள்தான்.

அவள் அழுததற்கு நியாயம் இருந்தது. அந்த மாநிலத்தில் போன வருடம் வரை பார்பர்களுக்கு ஒரு வாரியம், பியூட்டி பார்லர்காரர்களுக்கு இன்னொரு வாரியம். நடுவில் பெரிய மதில். பார்லர்காரி முடி வெட்டலாம், சுருட்டலாம், சாயம் பூசலாம். ஆனால் ஆண்பிள்ளையின் முகத்தில் கத்தி வைத்தால் குற்றம். பார்பர் கத்தி வைக்கலாம். ஆனால் ஒரு நகத்துக்குப் பாலிஷ் போட்டால் குற்றம். இப்போது இரண்டு வாரியத்தையும் ஒன்றாக்கி, மதிலில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். ஒரு லைசென்ஸ் வைத்திருப்பவர் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்து, ஒரு செய்முறைத் தேர்வு எழுதினால் போதும், மற்றவர் வேலையையும் செய்யலாம். ஆனால் அந்தக் கதவு நாளைத் தேர்வோடு மூடிக்கொள்கிறது. அதற்கப்புறம் வருகிறவர்கள் பார்பர் பள்ளியில் அடியிலிருந்து படிக்க வேண்டும்.

ஊரில் பெண்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவர்களை மட்டும் நம்பி நடீனால் கடை நடத்த முடியவில்லை. சவர நாற்காலி ஒன்று போட்டால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு, பக்கத்து டவுனில் கோழிக்கறித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

தேர்வுக்கு ஒரு தாடி வேண்டும். முடி வெட்டவும் சாயம் பூசவும் பொம்மைத் தலை போதும் என்று புதிய விதி இறங்கி வந்துவிட்டது. சவரத்துக்கு மட்டும் இறங்கவில்லை. பொம்மைக்கு எச்சில் விழுங்கத் தெரியாது, தும்மத் தெரியாது. கத்தி தொண்டையில் இருக்கும்போது இரண்டையும் செய்கிறவர்தானே வாடிக்கையாளர்? ஆகவே உயிருள்ள முகம், இரண்டு கன்னத்திலும் நிறைந்த தாடி. டூயி அவளுக்கு முகம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"இது வெர்ஜில் ஸ்டாம்பர் வேலைதான்" என்றாள் நடீன். "தலைநகர் வரைக்கும் போயி இந்தச் சட்டம் வரக்கூடாதுன்னு பேசுன ஆளு. 'என் உசுரு இருக்கற வரைக்கும் இந்த ஊர்ல ஒரு பார்லர்காரி ஆம்பளை மூஞ்சில கத்தி வெக்க மாட்டா'ன்னு ஓட்டல்ல உக்காந்து எல்லார் முன்னாலயும் சொன்னாரு."

ஹேசல் டூயியின் மோவாயைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வலது தாடைக்கு அடியில் விரலால் தடவினார். ஒரு கீறல்கூட இல்லை. கிருதா நேராக வெட்டப்பட்டிருந்தது. தாடைக்குக் கீழே தோல் மடிகிற இடத்தில் மட்டும் மெல்லிய ஒரு வரி முடி, அறுவடைக்குப் பிறகு வரப்போரம் நிற்கிற கதிர் மாதிரி, தப்பி நின்றது.

அதற்குள் பிஸ்கட் என்கிற அந்த நாய் நாற்காலிக் கையில் முன்காலை வைத்து ஏறி, டூயியின் வலது காதை மறுபடி நக்க ஆரம்பித்தது. தள்ளிவிட்டார்கள். சுற்றிக்கொண்டு வந்து அதே காதை நக்கியது. ஹேசல் முகத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் நாயைப் பார்த்தார்.

"நாயை விசாரிக்கிறீங்களா பாஸ்?"

"நான் எங்க விசாரிக்கிறேன்? அதுவாதான் சாட்சி சொல்லிக்கிட்டிருக்கு."

போனில் டூயியின் முகத்தைப் படமெடுத்துக்கொண்டார். பிறகு சமையலறையை எட்டிப்பார்த்தார். தரையெங்கும் கிழிந்த பலூன் துண்டுகள். ஜன்னல் திட்டில் நீலத் தண்ணீர் ஜாடி, அதற்குள் ஒரு சவரக்கத்தி.

அது நடீனின் பயிற்சிக் கத்தி. சவரம் படிக்கிறவர்கள் பலூனில்தான் கை பழகுவார்கள். ஊதின பலூனில் நுரை பூசி, நுரையைக் கத்தியால் வழிக்க வேண்டும். கோணம் கொஞ்சம் பிசகினால் டமார். பார்லரில் பழகிப் பார்த்தாள். முதல் பலூன் வெடித்ததும், முடி காயவைக்கும் கருவிக்குள் தலையை விட்டிருந்த பாதிரியாரின் மனைவி எழுந்து வெளியே ஓடிவிட்டார். அதற்குப் பிறகு ட்வைலாதான் தன் சமையலறையைக் கொடுத்தார். பலூனைப் பிடித்துக்கொள்வதும் அவர்தான்.

"வெர்ஜிலைப் பாத்துட்டு வந்துடறோம்" என்று ஹேசல் கிளம்பினார். வாசலில் திரும்பி, "ட்வைலா, சர்ச்ல சொன்னீங்களே அந்த ஸ்ட்ராபெரி கேக், ஒரு துண்டு எடுத்து வைங்க" என்றார்.

வெர்ஜிலின் கடை பூட்டியிருந்தது. திரையும் இறக்கியிருந்தது. ஆனால் உள்ளே விளக்கு எரிந்தது. தட்டியதும் எதையோ இழுத்து மூடுகிற சத்தம். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

வெர்ஜில் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அவருடைய வெள்ளைத் தாடி, நீதிமன்ற வாசல் வேலிச்செடி மாதிரி அளவாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. அவர் கையைத் தவிர வேறு கை அதைத் தொட்டதில்லை என்பார்கள். கடையில் சவர சோப்பு வாசனைக்குப் பதிலாகப் பெயிண்டுக் கடை நெடி அடித்தது.

ஹேசல் நலம் விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார், மதியம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். வெர்ஜில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை. அதுதான் சமயம் என்று ரூஃபஸ் கடையைச் சுற்றி நோட்டம் விட்டான். துண்டு வைக்கிற அலமாரி சரியாக மூடாமல் இருந்தது. இழுத்தான்.

துண்டுகளோடு சேர்ந்து ஒரு பெண்ணின் கை அவன் மேல் விழுந்தது.

மணிக்கட்டோடு வெட்டின கை. விரல் நகங்களில் ரத்தச் சிவப்பு. ரூஃபஸின் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தத்தைப் பேருந்துப் பிள்ளைகள் கேட்டிருந்தால் அவன்மேல் வைத்த மரியாதை அன்றோடு போயிருக்கும். கையை உதறினான். அது பறந்து போய்க் கண்ணாடியில் மோதித் தரையில் விழுந்தது. கட்டைவிரல் தனியாகக் கழன்று, நாற்காலிக்கு அடியில் உருண்டு போய் நின்றது.

"பிளாஸ்டிக், ரூஃபஸ்" என்றார் ஹேசல்.

"அது எனக்குத் தெரியும் பாஸ். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

வெர்ஜில் இரண்டு கையையும் வெளியே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். இடது கையின் ஐந்து நகத்திலும் இளம் ரோஸ் பாலிஷ், அழகாக, ஓரம் பிசகாமல்.

பிறகு எல்லாம் தானாக வந்தது. பார்பர் நகவேலைக்கு மாறுகிற தேர்வும் நாளைக்கே, அதே மண்டபத்தில்தான். சட்டம் வரக் கூடாது என்று தலைநகரில் முழங்கின மனிதர், சட்டம் வந்ததும் யாருக்கும் தெரியாமல் பக்கத்து டவுனுக்குப் போய் நகவேலை படித்திருந்தார். மதியம் முழுக்கப் பாலிஷ் போடுவதும் காயவைப்பதுமாகவே இருந்தாராம். ஈர நகத்தோடு சவரக்கத்தியைப் பிடித்திருந்தால் டூயியின் கன்னம் ரோஸ் கலரில் அல்லவா இருக்கும் என்றார்.

"ஏன் படிச்சீங்க?" என்றார் ஹேசல்.

வெர்ஜில் தரையைப் பார்த்தார். "என் கடைக்கு வர்றவன்லாம் கிழவன், ஹேசல். குனிஞ்சு கால் நகம் வெட்டிக்க முடியல. செருப்பு ஏற மாட்டேங்குதுன்னு ஓட்டை போட்டுப் போட்டுக்கிறான். அவனுங்க பார்லருக்குப் போவானுங்களா? போக மாட்டானுங்க. நான்தான் செய்யணும். பாலிஷையும் சேத்துத்தான் பரீட்சை வெக்கிறாங்க, நான் என்ன பண்ண?"

இந்தச் சேதி வெளியே போனால் ஓட்டல் பக்கமே தலைகாட்ட முடியாது என்றார். போகாது என்று ரூஃபஸ் சத்தியம் செய்தான். கையை உடைத்தவனால் அதையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை.

ஹேசல் போனில் டூயியின் படத்தைக் காட்டினார். வெர்ஜில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் ஏறியது.

"இதை நான் செஞ்சேன்னா சொன்னா அந்தப் பொண்ணு? திருடன்னு சொல்லட்டும், பரவாயில்ல. இந்த வேலையை எம் பேர்ல சொல்லக் கூடாது. இங்க பாரு, தாடைக்கு அடியில ஒரு வரி நிக்குது. தோலை இழுத்துப் பிடிக்கவேயில்ல. சவரத்துல பாதி வேலை இடது கைக்குத்தான் ஹேசல். கத்தி சும்மா போய்ட்டு வரும்."

வண்டியில் திரும்பும்போது ஹேசல் உற்சாகமாகிவிட்டார். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கக் கிடைத்தால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"கோணம் சரியா இருக்கு. ஒரு கீறல் இல்ல. அப்போ பழகுன கைதான். ஆனா தோலை இழுக்கணும்னு அந்தக் கைக்குத் தெரியவே தெரியாது. அப்படி எங்க பழக முடியும்? இழுக்கவே தேவையில்லாத ஒரு மூஞ்சில."

"அப்படி ஒரு மூஞ்சி எங்க..." என்று ஆரம்பித்த ரூஃபஸ் பிரேக்கை மிதித்தான். "பலூன்."

"பலூனுக்குத் தாடை மடிப்பு கிடையாது. ஊதுனவுடனே அதுவா விறைச்சு நிக்கும். பலூன்லயே கத்துக்கிட்டவங்க நிஜ மூஞ்சிக்கு வந்தா இடது கை சும்மா தொங்கும்."

ரூஃபஸ் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஊரில் பலூனில் சவரம் பழகினவள் நடீன் ஒருத்திதான். அவளுக்குப் பயம் வந்துவிட்டது, தேர்விலிருந்து தப்பிக்கத் தானே தாடியை வழித்துவிட்டு, துப்பறிய ஆளையும் கூப்பிட்டுவிட்டாள். "கேஸ் குடுத்தவளே கள்ளி. நல்லாருக்கு பாஸ். ஃபீஸை முதல்லயே வாங்கியிருக்கணும்."

"நாய் சொன்னதை மறந்துட்ட."

"நாய் என்ன சொல்லுச்சு?"

"சவர நுரை வாயில பட்டிருக்கா உனக்கு? எந்த நாயும் அதை ரெண்டாவது தடவை நக்காது."

ட்வைலா கேக்கை மேசையில் வைத்திருந்தார். பஞ்சு மாதிரி கேக், மேலே ஸ்ட்ராபெரி, அவ்வளவுதான். ஹேசல் முள்கரண்டியை எடுக்கவில்லை.

"க்ரீம் எங்க ட்வைலா?"

"தீந்துபோச்சு" என்றார் ட்வைலா.

"காலையில சர்ச்ல ஒரு கிண்ணம் நிறைய அடிச்சு வச்சிருக்கேன்னு சொன்னீங்களே. கேக்கு இன்னும் வெட்டவேயில்ல. க்ரீம் மட்டும் எப்படித் தீந்துச்சு?"

பிஸ்கட் டூயியின் வலது காதுக்குப் பின்னால், இதுவரை தவறவிட்ட ஒரு மூலையைக் கண்டுபிடித்து நக்கியது. ரூஃபஸ் குனிந்து முகர்ந்தான். வெனிலா வாசனை. நடீன் செய்திருந்தால் சவர நுரையைக் கையோடு கொண்டுவந்திருப்பாள். நுரைக்கு வழியில்லாமல் குளிர்பெட்டியைத் திறந்த கை இந்த வீட்டுக் கை. பலூன் வழிக்கும்போது பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொண்டிருந்த கை.

ட்வைலா சமையல் மேலங்கியின் நுனியை முறுக்கினார். "நடீன் போனதுக்கப்புறம், பலூன்ல மிச்சம் இருக்கற நுரையை நானும் வழிச்சுப் பாப்பேன்" என்றார். "ஒண்ணுகூட வெடிக்கல. அவளுக்கு வெடிக்கும். எனக்கு வெடிக்காது. ஒரே ஒரு தடவை நிஜ மூஞ்சில பாக்கணும்னு இருந்துச்சு. கொஞ்சூண்டு, காதோரமா மட்டும்னுதான் ஆரம்பிச்சேன். அது போய்க்கிட்டே இருந்துச்சு."

"பாதியில ஏன் நிறுத்துனே?" என்றார் டூயி. அவருக்கு அதுதான் வருத்தமாக இருந்ததுபோலத் தெரிந்தது.

"நீ திரும்பிப் படுத்துட்ட."

"எழுப்பிக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா வேணாம்பே. கல்யாணத்துக்கு முன்னாலேருந்து தாடி. உன் மோவாயை நான் பாத்ததேயில்ல டூயி. நல்லாத்தான் இருக்கு. எதுக்கு இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சே?"

டூயி வெட்கப்பட்டார். பாதி முகம் வெட்கப்படுவதை ரூஃபஸ் முதல் தடவையாகப் பார்த்தான். மற்ற பாதி எப்போதும்போல இருந்தது.

திருடர் கிடைத்துவிட்டார், தாடி கிடைக்கவில்லை. ட்வைலா நடீனின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நடீன் தலையை ஆட்டினாள், ஆனால் கோழிக்கறித் தொழிற்சாலையின் வெள்ளைத் தொப்பி அவள் தலையில் இப்போதே வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு நடீன் மெதுவாகத் திரும்பினாள். ட்வைலா திரும்பினார். டூயி இரண்டு பக்கமும் திரும்பினார். எல்லோரும் ரூஃபஸின் மோவாயைப் பார்த்தார்கள்.

"எனக்கு முக்கியமா ஒரு போன் பண்ணணும்" என்று ரூஃபஸ் வெளியே ஓடினான்.

வெர்ஜிலிடம் அவன் பேசியது சுருக்கமாகத்தான். பிளாஸ்டிக் கைக்குக் கட்டைவிரல் இல்லை, அதை வைத்து நாளைக்குத் தேர்வு எழுத முடியாது. உயிருள்ள கை வேண்டும், ஆனால் யாரைக் கேட்டாலும் ரகசியம் போய்விடும். ரகசியத்தைக் காப்பாற்றக் காரணம் உள்ள ஒரு பெண் ஊரில் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு தாடி தேவைப்படுகிறது.

"அவளுக்கு நகம் இருக்கா?" என்றார் வெர்ஜில் கடைசியில். "இல்ல கடிச்சுக் கடிச்சுத் துப்பியிருக்காளா?"

ரூஃபஸ் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னபோது, லைசென்ஸ் வைத்திருப்பவர் இன்னொருவர் தேர்வில் மாடலாக உட்காரக் கூடாதே என்றாள் நடீன். அது பழைய விதி என்றார் ஹேசல். சின்ன ஊர்களில் பார்த்தால், பார்பர் அல்லாதவர் பார்லர்காரி, மிச்சம் இருப்பவர் அவர்கள் மாமியார் என்று ஆகிவிட்டது. மாடலுக்கு ஆளே கிடைக்கவில்லை. அதனால் புதிய விதியில் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். நடீன் அதைப் படித்திருந்தாள். ஆனால் படிக்கும்போது அவள் மனக்கண்ணில் வெர்ஜில் ஸ்டாம்பர் வரவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. அதனால்தான் தேர்வும் திங்கட்கிழமை. மண்டபத்தில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு தாடிக்காரர், சாட்சிக்கூண்டில் ஏறியவர்களைப் போல. பார்வையாளர் பெஞ்சில் ஹேசல், ரூஃபஸ், ட்வைலா, பாதித் தாடியோடு டூயி.

மாடல்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. வெர்ஜிலுக்கு அது பெரிய தண்டனை. நுரைக்குள்ளிருந்து அவருடைய கண் மட்டும் நடீனின் கையை விடாமல் துரத்தியது. கன்னம் முடிந்தது. மேலுதடு முடிந்தது. தாடைக்கு அடியில் கத்தி வந்தபோது அவர் மூச்சைப் பிடித்தார். நடீனின் வலது கை நின்றது. இடது கை எழுந்து, இரண்டு விரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்தது. அதன் பிறகுதான் கத்தி நகர்ந்தது.

வெர்ஜில் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்ததாகத் தேர்வு அதிகாரி பிறகு சொன்னார்.

நடீன் தேறிவிட்டாள். துண்டால் துடைத்ததும் வெர்ஜிலின் மோவாயில் ஒரு குழி தெரிந்தது. ட்வைலா டூயியின் தோளைத் தட்டி அதைக் காட்டினார். வெர்ஜில் கண்ணாடியில் தாடைக்கு அடியில் வெகுநேரம் தடவிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. "மத்தியானம் கையைக் கழுவிட்டு வா" என்று மட்டும் நடீனிடம் சொன்னார். "சிவப்புதான் போடப்போறேன்."

டூயி எழுந்து, மீதிப் பாதியை நாளைக்கு நடீன் கடையில்தான் எடுப்பேன், சட்டப்படி முதல் வாடிக்கையாளர் நானே என்று அறிவித்தார். ரூஃபஸ் நிம்மதியாகப் பெஞ்சில் சாய்ந்து, தாடியை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டான்.

அப்போதுதான் தேர்வு அதிகாரி மேசையை விட்டு எழுந்து வந்தார். கடைசி நாற்காலியில் ஒரு பெண், மாடல் பயந்து ஓடிவிட்டதால் கண்கலங்கி நிற்கிறாளாம். முழுத் தாடியோடு யாராவது மனிதாபிமானத்தோடு முன்வந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

ரூஃபஸ் குனிந்து ஷூ லேஸைத் தேடினான். அவன் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

"பாஸ், கையைக் கீழ போடுங்க" என்றான், தலையைத் தூக்காமலே.

"நான் எங்க தூக்குனேன்?" என்றார் ஹேசல். "பிஸ்கட் இருந்தா சாட்சி சொல்லும்."

அவர் பிடித்துத் தூக்கியிருந்தது ரூஃபஸின் கையை.